தறிக்குழி ஊரிலிருந்து பிசியோதெரபி வகுப்புக்கு

“நீட்ல மார்க் வரல. பிசியோ போட்டுடலாமா?”

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் ஜூன் மாதம் பிறந்ததும் இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. எம்.பி.பி.எஸ். கைநழுவிய பதற்றத்தில், எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்வோம் என்று கேட்கப்படும் கேள்வி. மற்ற ஊர்க்காரர்கள் அப்படி நினைத்தாலும் நினைக்கட்டும், காஞ்சிபுரத்துக்காரர்கள் நினைக்கக் கூடாது. மனித உடம்பு உழைப்பில் எங்கெங்கே தேயும் என்பதை வீட்டுக் கூடத்திலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். பிசியோதெரபி அவர்களுக்கு முதல் விருப்பமாக இருக்க எல்லா நியாயமும் உண்டு. அதைப் படிக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன, எந்த வழி உண்மையானது, எது ஏமாற்று என்பதுதான் வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி ஓடும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நெசவாளர் தரைமட்டப் பலகையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதிக்கட்டைகளை மாறி மாறி மிதிக்கிறார். ஒரு கை நாடாவை ஓட்டுகிறது. மறு கை ஊடையை இழுத்து அடிக்கிறது. முதுகு முன்பக்கம் வளைந்திருக்கிறது, கழுத்து குனிந்திருக்கிறது, கண் பாவு இழையை விட்டு அகலவில்லை. கோர்வைச் சேலையென்றால் கரைப்பக்கத்து நாடாவைப் போட ஒரு துணையாளும் கூடவே குனிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவியோ பிள்ளையோதான். இப்படி மணிக்கணக்கில் வளைந்திருக்கும்போது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகளின் மேல் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. முதுகின் பின்பக்கத் தசைநார்கள் இழுபட்டே கிடக்கின்றன. தொடையை மடக்கும் தசைகள் நாளடைவில் குறுகிப்போகின்றன. குழியிலிருந்து ஏறி நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பது அதனால்தான்.

தறி மட்டுமல்ல, கோயிலும் இந்த ஊரில் உடம்பை வாங்குகிறது. வைகாசி கருட சேவையில் வரதராஜப் பெருமாளைத் தோளில் ஏற்றி வீதிவீதியாகச் சுமந்து வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கழுத்தையும் தோளையும் நினைத்தால் போதும். இவர்களெல்லாம் வலி வந்தால் தைலம் தேய்க்கிறார்கள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், மறுநாள் அதே வேலைக்குத் திரும்புகிறார்கள். எந்தத் தசை குறுகியிருக்கிறது, எது பலமிழந்திருக்கிறது, என்ன பயிற்சி கொடுத்தால் மீளும் என்று சோதித்துச் சொல்லும் ஆள் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

அந்த ஆள்தான் பிசியோதெரபிஸ்ட்.

திருமணியில் தொடங்கிய கதை

இந்தத் துறைக்கும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. காஞ்சிபுரமும் ஒருகாலத்தில் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை ராபர்ட் காக்ரேன் நடத்திவந்தார். கொல்லிமலையில் பிறந்து லண்டனில் படித்து, வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு அறுவை மருத்துவராகச் சேர்ந்திருந்த பால் பிராண்ட் 1947இல் அங்கே வந்தார். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போனது என்று எல்லோரும் கைவிட்டிருந்த அந்தக் கை, பிராண்ட் வலி தாங்காத அளவுக்கு அழுத்தியது.

உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. முன்கையின் பெரிய தசைகள் உயிரோடு இருந்தன. அப்படியானால் நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த இடத்துக்கு மாற்றித் தைக்கலாமே என்று அவர் யோசித்தார். அடுத்த ஆண்டு வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின.

நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. நாணை மாற்றித் தைத்ததோடு கை வேலை செய்துவிடாது. நேற்றுவரை ஒரு வேலையைச் செய்த தசைக்கு இன்று புது வேலை. மூளை அதைக் கற்க வேண்டும். அறுவைக்கு முன்னே மூட்டுகளின் இறுக்கத்தைத் தளர்த்தி வைக்க வேண்டும்; பின்னே வாரக்கணக்கில் உட்கார்ந்து, விரல் விரலாகப் பழக்க வேண்டும். அறுவை மருத்துவரின் அரை நாள் வேலைக்குப் பின்னால் பிசியோதெரபியின் நீண்ட வேலை இருந்தது. இந்தப் பகுதியின் தொழுநோய் மருத்துவமனைகளில் அதைச் செய்தவர்களில் பலர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அங்கேயே பயிற்சி பெற்றுத் தேர்ந்த டெக்னீஷியன்கள். திருமணி மருத்துவமனை 1955இல் மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமானது.

வேலூரில் நினைக்க வேண்டிய இன்னொரு பெயர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இளம் மருத்துவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பில் எழுந்தது. முதுகெலும்பு முறிந்தவர்கள் இன்றும் அங்கே எழுந்து உட்காரவும் நகரவும் பழகுகிறார்கள்.

பட்டமில்லாமல் பயிற்சியால் மட்டும் தேர்ந்துவந்த அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று இந்தத் தொழிலுக்குச் சட்டம் இருக்கிறது.

பதினைந்து வயதில் மூடும் கதவு

தமிழ்நாட்டில் பிசியோதெரபிஸ்ட் ஆக அடிப்படைப் பட்டம், பி.பி.டி. எனப்படும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளிலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. நான்காண்டுப் படிப்பும் ஆறு மாத உள்ளகப் பயிற்சியும் என்பதே இதுவரை இருந்த கணக்கு. தேசிய துணை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையம் 2025இல் வெளியிட்ட புதிய பாடத்திட்டம் உள்ளகப் பயிற்சியை ஓராண்டாக்கி, மொத்தம் ஐந்தாண்டு என்கிறது.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் இருக்கலாம். ஆகவே இந்தக் கதவு திறப்பதும் மூடுவதும் பிளஸ் டூ ரிசல்ட் அன்று அல்ல. பத்தாம் வகுப்பு முடித்து, பதினொன்றில் எந்த குரூப் என்று பள்ளிக்கூடத்தில் கேட்கும் அந்த ஒரு நாளில்தான். “கணக்கு வராது, காமர்ஸ் போட்டுடுங்க சார்” என்று அப்பா சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பிவிட்டால், பிள்ளைக்குத் தெரியாமலேயே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. கணக்கு வராத பிள்ளைக்கு, கணக்கே இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் இருக்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே ஆசிரியர்கள் சொல்ல வேண்டும்.

அரசு இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு, பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்றவற்றோடு சேர்த்து, பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில் கவுன்சலிங் நடத்திவந்தது. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் திருச்சி அரசு பிசியோதெரபி கல்லூரியும் அந்தப் பட்டியலில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை. கட்டணம் மிகக் குறைவு. இடங்களும் குறைவு, அதுதான் வருத்தம்.

புதிய பாடத்திட்டம் இன்னொரு மாற்றத்தையும் சொல்கிறது: பி.பி.டி. சேர்க்கைக்கு நீட். பிளஸ் டூ மதிப்பெண்ணை நம்பிப் படித்த நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்குக் கோச்சிங் செலவு என்ற புதுச் சுமை இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. எம்.பி.பி.எஸ். இடங்களுக்காக வடிவமைத்த தேர்வை வைத்து, நோயாளியின் தோளைப் பொறுமையாகத் தொட்டுப் பழக வேண்டியவரைத் தேர்ந்தெடுப்பது எந்த வகையில் சரி? ஆனால் என் கருத்தை நம்பி யாரும் விண்ணப்பத்தைத் தவறவிடக் கூடாது. உயிரியல் படிக்கும் பிள்ளை நீட்டை எழுதி வைக்கட்டும். அந்தந்த ஆண்டின் தேர்வுக்குழு அறிவிப்பையும் வரிவரியாகப் படிக்கட்டும்.

பக்கத்திலேயே இருக்கும் வேறு வழிகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. மத்திய அரசு நிறுவனம். இதையும், கட்டாக் அருகே ஓலத்பூர், கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் உள்ள இதே வகை நிறுவனங்களையும் சேர்த்துப் பொது நுழைவுத்தேர்வு நடத்தப்பட்டுவந்திருக்கிறது. மாநில கவுன்சலிங்குக்குச் சம்பந்தமில்லாத தனி வழி இது. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக மகாபலிபுரம் போகிறவர்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். உள்ளே பி.பி.டி. படிப்பு இருப்பதை அறிந்தவர்கள் குறைவு.

வேலூர் சி.எம்.சி. மற்றொரு தனி வழி. அதற்கென்று தனி விண்ணப்பம், தனி சேர்க்கை முறை. பெரிய மருத்துவமனையின் வார்டுகளிலேயே படிப்பு நடப்பதால் கற்றுக்கொள்வதும் அதிகம்.

பிறகு தனியார் வழி. போரூர் ஸ்ரீராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., தண்டலம் சவீதா மூன்றும் காஞ்சிபுரத்திலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். செலவு பெரிது, கல்விக்கடன் வாங்கும் முன் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். எந்தத் தனியார் கல்லூரியானாலும் சேரும் முன் ஒரு வார நாள் காலையில் அதன் பிசியோதெரபி வெளிநோயாளர் பிரிவில் போய் உட்காருங்கள். பக்கவாதம் வந்தவர், முழங்கால் மாற்று அறுவை செய்தவர், மூளை முடக்குவாதக் குழந்தை என்று விதவிதமான நோயாளிகள் வருகிறார்களா? மாணவர்கள் அவர்களைத் தொட்டுப் பயில்கிறார்களா? கூட்டமில்லாத கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கை பழகாது.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குத் தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரும் பிள்ளைக்கு அந்த ஆயிரம் பெரிய உதவி.

உடன்பிறந்த படிப்புகள்

பி.பி.டி. கிடைக்காவிட்டால் துறையையே விட்டுவிட வேண்டியதில்லை. பி.ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி படிப்பைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. காஞ்சிபுரத்துக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. முதுகு வலியோடு வரும் நெசவாளரின் தசையைப் பலப்படுத்துவது பிசியோதெரபிஸ்ட் வேலை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தறியையே போய்ப் பார்ப்பார். உட்காரும் பலகை எவ்வளவு உயரம், முதுகுக்குச் சாய்மானம் வைக்க இடமிருக்கிறதா, மிதிக்கட்டை காலுக்கு எட்டுகிறதா, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று வேலையை மனிதருக்கு ஏற்ப மாற்றித் தருவார். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த நெசவாளர் மறுபடி நூல் இணைக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் பழக்குவதும் அவர்தான். முட்டுக்காட்டிலும் வேலூரிலும் இந்தப் படிப்பு இருக்கிறது.

மூன்றாவது பி.பி.ஓ.: செயற்கைக் கால், காலிப்பர், முதுகுப்பட்டை இவற்றை அளவெடுத்துச் செய்யும் படிப்பு. தேசிய நிறுவனங்களில் இதற்கு உயிரியலுக்குப் பதில் கணக்கு படித்தவர்களையும் சேர்க்கிறார்கள். கையால் நுணுக்கமாக வேலை செய்து பழகிய குடும்பத்துப் பிள்ளைகள், ஜக்கார்டு அட்டையின் துளைக்கணக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள், இதில் சீக்கிரம் தேர்ச்சி பெறுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

தொக்கணமும் வர்மமும் பயிலும் சித்த மருத்துவப் பட்டமும், அரும்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் அரசே நடத்தும் யோகா - இயற்கை மருத்துவப் பட்டமும் தனித்தனி மருத்துவ முறைகள். அவற்றைப் படித்தவர் மருத்துவர் ஆகலாம். பிசியோதெரபிஸ்ட் என்று பலகை மாட்ட முடியாது. இவற்றையும் பிசியோதெரபியையும் குழப்பிக்கொண்டு சேர்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே ஒரு டிகிரி முடித்தவருக்கு?

பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டேன், இப்போது பிசியோதெரபிஸ்ட் ஆக முடியுமா என்று கேட்பவருக்கு இந்தியாவில் குறுக்கு வழி கிடையாது. எம்.பி.டி. என்ற முதுநிலைப் படிப்பில் சேர பி.பி.டி. வேண்டும். முதலாண்டிலிருந்து படித்தாக வேண்டும்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. 1894இல் லண்டனில் நான்கு நர்சுகள் சேர்ந்து தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்த பிரிட்டிஷ் பிசியோதெரபியில், தொடர்புடைய வேறு பட்டம் பெற்றவர்கள் இரண்டாண்டு எம்.எஸ்சி. படித்துப் பதிவு பெறலாம். மருத்துவமனையில் சம்பளத்தோடு வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறும் அப்ரென்டிஸ் முறையும் அங்கே உண்டு. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான டி.பி.டி. என்பதே ஒரு இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டு படிப்பதுதான். மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலும் பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. இவற்றுக்கான செலவு ஒரு சாதாரணக் குடும்பம் தாங்கக்கூடியது அல்ல. ஆனால் வேறு பட்டம் பெற்ற ஒருவரை இரண்டு மூன்று ஆண்டில் முறையாகப் பயிற்றுவிக்க முடியும் என்பதற்கு அவை சாட்சி. இந்திய ஆணையமும் அப்படியொரு வழியைத் திறக்க வேண்டும். இருபத்தோரு வயதில் தன் விருப்பத்தைக் கண்டுகொண்ட பெண்ணை மறுபடி ஐந்தாண்டுக்கு அனுப்பினால், அவள் கல்யாணம் முடிந்து போய்விடுவாள் என்பதே நம் வீடுகளின் நிலை.

அதுவரை அக்கம்பக்க வழிகள் இருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியல் பட்டம் உண்டு. மெக்கானிக்கல் படித்தவருக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம் நல்ல முன்மாதிரி. உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நிற்க வைக்கும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி அங்கேதான் உருவானது.

ஆறு மாத சர்ட்டிபிகேட்

சுவரொட்டிகளில் இன்னும் பார்க்கிறோம்: ஆறு மாதத்தில் பிசியோதெரபி, வீட்டிலிருந்தே பிசியோதெரபி. தேசிய ஆணையத்தை உருவாக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டம், சுகாதாரப் பணியாளருக்கான பட்டம் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டு என்கிறது. துணைநிலைப் பணியாளருக்கான டிப்ளமோவுக்கே குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டாண்டு வேண்டும். ஆறு மாதத்தில் எதுவும் வராது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025இல் தடையும் விதித்துவிட்டது. பணம் கட்டும் முன், எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது, அதன் இணைவிப்புப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இந்த ஆண்டு இருக்கிறதா என்று பல்கலைக்கழக இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரி காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

படித்தபின் எங்கே?

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியபோது பிசியோதெரபிஸ்ட் வீட்டு வாசலுக்கே வந்தார். பக்கவாதத்தில் படுத்தவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அலைந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சிகிச்சை தருபவர்களும் இவர்களே. காரப்பேட்டை அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில், மார்பக அறுவைக்குப் பின் கை வீங்கும் பெண்களுக்கும், கழுத்து அறுவைக்குப் பின் தோள் தூக்க முடியாதவர்களுக்கும் இந்தச் சிகிச்சை அவசியம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகவும் அரசுப் பணி கிடைக்கிறது.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. இத்தகைய திட்டப் பணிகள் பலவும் ஒப்பந்த அடிப்படையில். சம்பளம் படிப்புக்கு ஈடாக இல்லை. தனியார் கிளினிக்குகளில் தொடக்கச் சம்பளம் மிகக் குறைவு. வீடுவீடாகச் சென்று சிகிச்சை தந்து பெயர் எடுக்கச் சில ஆண்டுகள் ஆகும். கடன் வாங்கிப் படிக்க நினைக்கும் குடும்பம் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புதிய பாடத்திட்டத்தின் ஓராண்டு உள்ளகப் பயிற்சியில் காஞ்சிபுரத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்த மாணவர்களில் சிலரை மாதம் ஒரு குழுவாக இங்குள்ள பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அனுப்பலாம். எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகமும் கைத்தறித் துறையும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். பெரிய பணம் தேவையில்லை. நெசவாளர் கூலி வாங்க, பாவு வாங்கச் சங்கத்துக்கு வரும் நாளிலேயே ஒரு மேசை போட்டு உட்காரலாம். இடுப்பு எவ்வளவு வளைகிறது, கை எவ்வளவு உயர்கிறது, பிடியின் பலம் எவ்வளவு என்று அளந்து அட்டையில் எழுதலாம். தறியை விட்டு எப்போது எழ வேண்டும், எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று செய்து காட்டலாம். துணையாளாக உட்காரும் பெண்களின் பெயரும் தனி அட்டையில் ஏற வேண்டும். சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் அவர்களில் பலருடைய பெயர் இருக்காது.